பின்சுவர் ஜன்னல்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று என்னைவிடச் சத்தமாக அழுதவள் தையல்காரி. எனக்குச் சத்தம் போட்டு அழ வராது. கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து அவருடைய கால் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் வாசலில் செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்தாள். "சார்... இப்படிப் பண்ணிட்டீங்களே சார்" என்று தரையில் சரிந்து அழுதாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

என் நாத்தனார் காதோரம் குனிந்தாள். "யாரு அண்ணி இது?"

"உங்க அண்ணன்கிட்ட பிளான் போட்டவங்க."

"பிளான் போட்டதுக்கா இப்படி?"

தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவரைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். சரி, இருக்கட்டும். இவளைத் தள்ளிவிட்டு அவருடைய கடைசி வருஷத்தைச் சொல்ல முடியாது.

அவர் பிளான் போடுகிறவர். புது வீடு கட்டுகிறவர்கள் இன்ஜினியரிடம் போவார்கள். இருக்கிற வீட்டில் ஒரு அறையைக் கூட்ட, மாடிப்படியைத் திருப்ப, வெளியே கிடக்கும் குளியலறையை உள்ளே கொண்டுவர நினைப்பவர்கள் என் வீட்டுக்காரரிடம் வருவார்கள். அவர் போய் அளப்பார், வரைவார், நகராட்சிக் கட்டிடப் பிரிவில் மனு கொடுத்து அனுமதி வாங்கித் தருவார். வேலை முடியும்வரை இடையிடையே போய், கட்டுவது பிளான்படிதான் இருக்கிறதா என்று பார்ப்பார். முடிந்ததும் நிறைவுச் சான்று. அது கையில் இருந்தால்தான் புது அறைக்கு நிரந்தர மின்சாரம். ஊரில் அவருக்கு 'டேப் சார்' என்று பெயர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதுபோல அளக்கும் டேப் எப்போதும் தொங்கும். ஒருமுறை கல்யாண வீட்டுக்கும் அதோடு வந்தார். "பந்தியில இலைக்கு இலை இடைவெளி பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டுக் கழற்ற வைத்தேன்.

எந்தச் சுவரையும் இரண்டு முறை அளப்பார். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எழுதுவார். கல்யாணமான புதிதில் டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான். நான் கல்லூரியில் படித்த கணக்கெல்லாம் கடைசியில் யார் வீட்டுக் குளியலறைக்கோ போய்ச் சேர்ந்தது என்று கேலி பண்ணுவேன். "முனையை மூலையில அழுத்திப் பிடி, ஆடுது" என்பார். ஆறு வருஷம் பிடித்தேன். மகள் பிறந்த பிறகு அவர் தனியாகப் போக ஆரம்பித்தார். மறுமுனையை அந்தந்த வீட்டில் யாராவது பிடிப்பார்கள்.

விதி என்றால் அவருக்கு விதிதான். சொந்த அண்ணன், வீட்டு முகப்பில் அரை அடி கூடுதலாக பால்கனியை இழுக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். மூத்தார் எங்களோடு இரண்டு வருஷம் பேசவில்லை. என் விஷயமும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம் மூன்றரை அடி அகலச் சந்து. மழை பெய்தால் நனைந்துகொண்டுதான் துவைக்க வேண்டும். மேலே ஒரு தகரக் கூரை போடச் சொன்னேன். எல்லையிலிருந்து இரண்டடி விட்டுத்தான் எந்தக் கூரையும் வரலாம் என்றார். இரண்டடி விட்டால் மிச்சம் ஒன்றரை அடி. அந்தக் கூரைக்குக் கீழே சுவர் நனையாமல் இருக்கும், நான் நனைவேன்.

"அந்த ரெண்டடியில ஒரு அடியை விட்டுக்குடுத்தா குடியா முழுகிடும்?"

"எத்தனை பேர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"மழையில நனையுற என் மூஞ்சியில முழிக்கறீங்களே, அது போதாதா?"

சிரித்தார். மறுநாள் ஒரு பெரிய குடை வாங்கி வந்தார். கைப்பிடி வளைந்த குடை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று செய்தும் காட்டினார். அப்படித்தான் பதினெட்டு வருஷம் துவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் வீடு சரிபண்றார், உங்களுக்கு மட்டும் குடையா?" என்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

கட்டிடப் பிரிவில் பிழைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. உரிமம் பெற்று பிளான் போடுகிறவர், அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டச் சொன்னால் அவர் பெயர் அதில் ஏறும். மூன்று முறை ஏறினால் உரிமம் போய்விடும். பாதிப் பேருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். என் வீட்டுக்காரருக்கு முப்பத்தியொரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. எதற்கும் பெருமை அடித்துக்கொள்ளாத மனுஷன் அதற்கு மட்டும் அடித்துக்கொள்வார். "என் பக்கம் வெள்ளைப் பக்கம்" என்பார், கையை விரித்துக் காட்டி.

தையல்காரி வந்தது போன வருஷம். கதவைத் திறந்தது நான்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் மாலைபோலத் தையல் டேப். தனி ஆள். கடைத்தெருவில் வாடகைக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அதனால் வீட்டை ஒட்டி எட்டுக்குப் பத்தில் ஓர் அறை கட்டி, அங்கேயே மெஷினைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை அவர் திரும்பி வந்ததும் வழக்கம்போலக் கேட்டேன். "டேப் யாரு பிடிச்சாங்க?"

"அவங்களேதான். தையல்காரங்க இல்லையா, டேப் கையில ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒரு இழை ஆடல. போறப்ப வர்றப்ப ஒரே அளவு."

"நான் பிடிச்சா ஆடுமா?"

"நீ பேசிக்கிட்டே பிடிப்ப."

சாப்பாட்டுத் தட்டை எப்போதையும்விடக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவர் கவனிக்கவில்லை. தட்டு, சத்தம், முகம், இதையெல்லாம் அவர் கவனிக்கும் ஆளில்லை. சமையலறை அலமாரியின் மேல் தட்டு எனக்கு எட்டாது என்பதையே மகள்தான் பத்து வயதில் அவருக்குச் சொன்னாள். "அம்மா தினமும் ஸ்டூல் போட்டு ஏர்றாங்கப்பா." "அப்படியா?" என்றார், வேறு யாருடைய வீட்டு விஷயத்தையோ கேட்பதுபோல.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் பேச்சு வந்தது. அந்தம்மா கண்ணாலேயே அளவு சொல்லிடறாங்க. அந்தம்மா மேஸ்திரியையே வேலை வாங்கிடறாங்க. எனக்கு அந்த 'அந்தம்மா' காதில் கொசு மாதிரி. தப்பாக எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதற்கெல்லாம் சாமர்த்தியம் போதாது. ஆனால் தெரிந்திருந்தால் மட்டும் வயிறு எரியாமல் இருக்குமா?

பின்சுவர் பாதி எழும்பியிருந்தபோது அவர் போய்விட்டார். காலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்தார்.

மூன்றாவது வாரம் அவள் வந்தாள். கையில் நகராட்சி நோட்டீஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, ஆய்வாளர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. பிளான்ல ஜன்னல் தெருப்பக்கம் இருக்காம். கட்டினது பின்சுவர்ல. அனுமதி இல்லாம நான் மாத்திட்டேன்னு எழுதிட்டாங்க. பதினாலு நாளுக்குள்ள செங்கல் வச்சு அடைக்கணுமாம். இல்லேன்னா அறையையே பூட்டி சீல் வச்சிடுவாங்களாம்."

"நீங்கதானே மாத்தினீங்க?"

"சார் சொல்லித்தான் அக்கா."

"அவரா? பிளானை மீறி அவரா சொன்னார்?" சிரிப்பே வந்துவிட்டது எனக்கு. "எங்க வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாதுங்க."

அவள் முகம் சுருங்கியது. "சைட் நோட்டுல எழுதினாரு அக்கா. நான் பார்த்தேன். சார் கைப்பட தேதியோட எழுதினது இருந்தா, திருத்தின பிளானை ஏத்துக்கலாம்னு ஆய்வாளரம்மா சொல்றாங்க. வேற ஒருத்தர் வரைஞ்சு குடுத்துடுவார். நோட்டு மட்டும் வேணும்."

கட்டுமிடத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் குறிப்பு எழுதும் அந்த நோட்டு அப்போது மேஜைமேல், மடித்த செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. அவள் கை நீட்டினால் எட்டியிருக்கும்.

"எந்த நோட்டுன்னு தெரியலையே. எதையும் நான் இன்னும் எடுத்துப் பார்க்கல. பார்த்துட்டுச் சொல்றேன்."

"சரிக்கா. அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். படியிறங்கிப் போகும்வரை நின்று பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்தேன்.

சாதாரண வேலைக்கு அவர் ஐந்து முறை போவார். இவள் வீட்டுக்கு ஒன்பது முறை போயிருந்தார். ஒன்பதாவது வருகை, அவர் இறப்பதற்கு ஆறு நாள் முன்பு. அந்த நோட்டிலேயே அவர் கடைசியாக எழுதிய பக்கம். அப்படியே தருகிறேன்:

"உரிமையாளருக்கு இடது கைப் பழக்கம். நான் கவனிக்கவில்லை. என் தவறு. எல்லோருக்கும் வரைவதுபோல இடப்பக்க வெளிச்சத்துக்கு வரைந்துவிட்டேன். தெருப்பக்க ஜன்னல் என்றால் அவர் கை நிழல் துணிமேல் விழும். ஜன்னலைப் பின்சுவருக்கு மாற்றச் சொன்னேன். பின்பக்க இடைவெளி 3 அடி 2 அங்குலம், தேவை 3 அடி, போதும். அனுமதிக்குக் காத்திருந்தால் மூன்று வாரம். கடையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஆகவே முதலில் கட்டச் சொல்லிவிட்டேன். திருத்திய பிளான் கொடுக்க வேண்டும்."

நான் அந்தப் பக்கத்தைப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே அளவுதான் வந்தது.

இடது கை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு மேல் தட்டு எட்டாது என்பதை மகள் சொல்லித் தெரிந்துகொண்ட மனுஷன், ஒன்பது தடவை பார்த்தவளுக்கு இடது கை என்று எழுதிவைத்திருக்கிறார். எழுதியதோடு விடவில்லை. முதலில் கட்டச் சொல்லிவிட்டாராம். அண்ணனுக்காக அரை அடி மீறாதவர், எனக்காக ஒரு அடி மீறாதவர்.

நோட்டை அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் நல்ல காரணம் இருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் குற்றம் அவள்மேல் இருந்து இறங்கி அவர்மேல் ஏறும். பிழைப் பதிவேட்டில் அவருடைய வெள்ளைப் பக்கத்தில் பெயர் விழும். இறந்த மனுஷனின் பெயரைக் காப்பாற்றுவது மனைவியின் கடமை இல்லையா? மகளிடம் போனில் இதையே சொன்னேன். "அம்மா, நீ அப்பா பேருக்காகப் பண்றியா, இல்ல..." என்று இழுத்தாள். "குழந்தை அழுவுது பாரு, போய்த் தூக்கு" என்று வைத்துவிட்டேன். குழந்தை அழவே இல்லை.

நாலு நாள் கழித்துத் தெருவில் மேஸ்திரி எதிர்ப்பட்டார். அவரைப் பல வருஷமாகத் தெரியும். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர்.

"அம்மா, அந்த ஜன்னல் விஷயம் கேள்விப்பட்டீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன். சார், எதுக்கு வம்பு, மெஷினைத் திருப்பிப் போட்டா போச்சுன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? திருப்பிப் போட்டா அவங்க கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரணும். தனியா இருக்கிற பொம்பளை, யாரு உள்ள வர்றாங்கன்னு தெரியாம நாள் பூரா எப்படி உட்காருவாங்கன்னார். நான் முப்பது வருஷமா செங்கல் அடுக்கறேன், எனக்கு இது தோணலையே பாருங்க!"

"பெரிய கண்டுபிடிப்புதான்" என்றேன்.

"என்னம்மா, கோபமா இருக்கீங்க?"

"வெயில்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நோட்டீஸ் வந்த பத்தாவது நாள் அவள் மறுபடி வந்தாள். இந்த முறை நானே பேச்சை ஆரம்பித்தேன். மரியாதை எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

"நோட்டு இருக்கு. தர முடியாது. முப்பத்தியொரு வருஷம் அவர் பேரு சுத்தமா இருந்துச்சு. செத்ததுக்கு அப்புறம் உன் ஜன்னலுக்காக அதுல கரி பூசணுமா? என்ன சொல்லி அவரை மாத்த வச்சே நீ?"

"நான் கேட்கல அக்கா."

"கேட்காமலா?"

"சத்தியமா கேட்கல. துணியில சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். சார் நின்னு பார்த்தாரு. எத்தனை வருஷமா இடது கைன்னு கேட்டாரு. பிறந்ததுல இருந்துன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாரு. நானே வேணாம்னுதான் சொன்னேன். பழகிப்போச்சு சார், நிழல்லயேதான் இத்தனை நாள் தைச்சேன்னேன். கேட்கல அவரு."

'நான் கேட்கல' என்ற அந்த வார்த்தைதான் என்னை அடித்தது. நான் பதினெட்டு வருஷம் கேட்டேன். அவள் கேட்கவே இல்லை. வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பதிவேட்டுல சார் பேரு ஏறும்னு எனக்குத் தெரியாது அக்கா. இப்பதான் நீங்க சொல்லித் தெரியுது. சார் பேருக்குக் கெடுதல்னா எனக்கு அந்த ஜன்னலே வேணாம். மேஸ்திரியை வரச்சொல்லி அடைச்சிடறேன். நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

போய்விட்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. நோட்டு அலமாரியில் பத்திரம், அவர் பக்கம் வெள்ளை, ஜன்னல் அடைபடப்போகிறது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு கவளம் இறங்கவில்லை.

எதனால் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவருடைய பெயரை இப்போது யார் காப்பாற்றுகிறார்கள்? அவள். தன் அறையின் வெளிச்சத்தைக் கொடுத்து அவள் காப்பாற்றுகிறாள். இனி ஆயுசுக்கும் அந்த அடைத்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, நிழலில் தைத்துக்கொண்டு, 'சாருக்காக' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். வாடிக்கைக்காரர்கள் கேட்டால், "அது ஒரு கதைங்க" என்று பெருமூச்சு விடுவாள். நான் என்ன கொடுத்தேன் அவருக்காக? ஒரு அலமாரிப் பூட்டு. என் வீட்டுக்காரருக்காகத் தியாகம் பண்ண இவள் யார்?

பதின்மூன்றாம் நாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வீட்டுக்கு அதுவரை நான் போனதில்லை. விலாசம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நோட்டில் வழி வரைந்து வைத்திருந்தார், திருப்பத்துக்குத் திருப்பம்.

வாசலில் செங்கல் இறக்கியிருந்தது. மேஸ்திரி சட்டியில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க."

"என்னம்மா?"

"அடைக்க வேணாம்."

"கலவை போட்டுட்டேனே!"

"உங்க வாயை அடைங்க அதை வச்சு. கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும்."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

அறையில் நுழைந்தேன். சின்ன அறை, பூச்சு இன்னும் காயாத வாசனை. அவள் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் தெருச்சுவர், வெறுமையாக. வலப்பக்கம் அந்த ஜன்னல். நினைத்ததைவிடச் சிறியது. இதற்கா இவ்வளவு என்று தோன்றியது. வெளியே மூன்றடி சந்தும் பக்கத்து வீட்டின் காரைச் சுவரும்தான் தெரிந்தன. ஆனால் வெளிச்சம் வந்தது. ஊசிக்கு அடியில் இருந்த நீலத் துணியில் ஒரு கோடுகூட நிழல் இல்லை. அவளுடைய இடது கை அதன்மேல் இருந்தது. சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டதும் இன்னும் பொறாமையாக இருந்தது.

அவள் பதறி எழுந்தாள். "அக்கா, உட்காருங்க."

"யாரைக் கேட்டு அடைக்கிற?"

"அக்கா?"

"அவர் கட்டச் சொன்னதை அடைக்க நீ யாரு? அவர் பேரு கெட்டா அது என் பாடு. நான் அவர் பொண்டாட்டி. நீ ஒண்ணும் அவருக்காக விட்டுக்குடுக்க வேணாம். கிளம்பு, ஆபீசுக்கு."

"சார் பக்கத்துல..."

"ஏறட்டும். அவர் செஞ்சதுதானே? செய்யாததையா எழுதப் போறாங்க?"

அவள் என்னையே பார்த்தாள். நான் திட்டுகிறேனா உதவுகிறேனா என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். வழியெல்லாம் நாலடி பின்னாலேயே நடந்தாள்.

கட்டிடப் பிரிவு மாடியில். ஆய்வாளர் இளம் பெண். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"டேப் சாரா? சாரா இப்படி..."

"ஆமாம். அவர் கையெழுத்துதான். தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்மா. அதனாலதான் கேக்கறேன். இதை வாங்கிக்கிட்டா இவங்கமேல இருக்கிற நோட்டீஸ் ரத்தாயிடும், திருத்தின பிளானும் செல்லும். ஆனா பிழைப் பதிவேட்டுல சார் பேரை எழுதித்தான் ஆகணும். விதி அப்படி. நீங்க யோசிச்சு..."

"விதின்னா எழுதுங்க. அவர் இருந்தா அவரே எழுதச் சொல்லியிருப்பார்."

என் பின்னால் தையல்காரி மூக்கை உறிஞ்சினாள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அடக்கிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் என்னைவிடச் சத்தமாக அழுவதற்கு நான் இடம் கொடுப்பதாக இல்லை.

ஆய்வாளர் ஒரு படிவத்தை நீட்டினார். நோட்டைக் கொடுப்பவர் தன் கையால் நிரப்ப வேண்டுமாம். மீறல் என்ன என்ற இடத்தில், 'ஜன்னல் தெருச்சுவரிலிருந்து பின்சுவருக்கு மாற்றப்பட்டது' என்று எழுதினேன். அடுத்தது, காரணம். பேனா நின்றுவிட்டது. நோட்டில் உள்ளதைத்தான் எழுத வேண்டும், வேறு வழியில்லை. என் புருஷன் இன்னொருத்தியைப் பற்றிக் கவனித்ததை என் கையெழுத்தில் எழுத வேண்டும். 'உரிமையாளருக்கு இடது கைப் பழக்கம்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். புள்ளி அழுத்தி விழுந்து அடுத்த தாளிலும் பதிந்தது.

"பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

ஆய்வாளர் பீரோவிலிருந்து தடிமனான பதிவேட்டை எடுத்து வந்தார். அவருடைய பக்கத்தைப் புரட்டினார். மேலே உரிம எண், பெயர். கீழே கோடு போட்ட கட்டங்கள், முப்பத்தியொரு வருஷமாகக் காலியாக. முதல் வரியில் ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். தேதி. பிளான் போட்டவர், அவர் பெயர். அதற்கு அடுத்த கட்டத்தில் உரிமையாளர், அவள் பெயர். மை காயும்வரை இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் மினுங்கின.

அவர் பெயரை ஒட்டி ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்ட அரசாங்கப் பதிவேடு இதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் இருப்பது என் பெயர்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"ஆவணம் குடுத்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நீங்க கையெழுத்துப் போடணும்மா."

மூன்றாவது கட்டம் சின்னது, ஓரத்தில் இருந்தது. பேனாவை வாங்கினேன். வழக்கமாக நான் சுருக்கமாகத்தான் கையெழுத்துப் போடுவேன். அன்று என் பெயரை முழுதாக, பெரிய எழுத்தில், அவர் பெயரில் முடித்து எழுதினேன். கட்டம் போதவில்லை. முதல் எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்து அவள் பெயரின் கடைசி எழுத்தை இடித்துக்கொண்டு நின்றது.

"கட்டத்துக்குள்ள போடணும்மா" என்றார் ஆய்வாளர் மெதுவாக.

"போட்டாச்சு. அடிக்க முடியாதுல்ல?"

"அடிக்க முடியாது."

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லி மூடியைத் திருகிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.